கிரீடம் தேய்ந்த பேட்ஜ்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். உங்க பையை நான் மடியில வெச்சிக்கிறேன். குடியாத்தம்தானே? நானும் அங்கதான். கடைசி வரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு. இந்த வண்டி நேராப் போவுமா, ஊரூரா நுழைஞ்சு போவுமா? நுழைஞ்சுதான் போவுமா. சரி, என் நேரம்.

என்மேல படாம உக்காரணும்னா உக்காந்துக்குங்க, தப்பா நினைக்க மாட்டேன். சாவு வீட்டுல இருந்து வர்றேன். இன்னும் குளிக்கல. குளிக்கறதுக்கு முதல்ல எடுக்கணுமே. வேப்பனேரியில என் சம்பந்தி ஜெயவேலு விடியக்காலம் போய்ட்டாரு. என் பொண்ணு இந்துமதியோட மாமனாரு. எண்பதைத் தாண்டின மனுஷன், கல்யாணச் சாவுதான். ஐஸ் பெட்டியில வெச்சிருக்காங்க. மேளக்காரங்க வந்து உக்காந்தாச்சு, குழி வெட்டியாச்சு, மாலையெல்லாம் வாடிக்கினு இருக்கு. நான் திரும்பிப் போனாத்தான் எடுப்பாங்களாம். இது எங்கேயாவது அடுக்குமா சார்? பொண்ணைக் கொடுத்தவன் நான். என்னைப் பாதிச் சாவுல பஸ் ஏத்தி அனுப்பறாங்க. எதுக்குன்னு கேளுங்க. ஒரு தொப்பி பேட்ஜுக்கு.

பட்டாளத்துக்காரன் தொப்பியில நெத்திக்கு நேரா குத்தியிருப்பான் பாருங்க, பித்தளையில, அது.

நான் பல் செட் கட்டுறவன் சார். பஸ் ஸ்டாண்டு பின்னாடி சின்னதா ஒரு லேப். டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க. நான் மெழுகுல பல்லைச் செஞ்சு, உலோகத்துல வார்த்து, ராவி, பாலிஷ் போட்டுக் கொடுப்பேன். என் பல்லைப் போட்டுக்கினு இந்த ஜில்லாவுல எத்தனையோ பேரு கரும்பு கடிக்கிறாங்க. அது பொழப்பு. பேட்ஜ் சேர்க்கறது ஆசை. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துது, அப்புறம் நம்ம பட்டாளத்துது, ரெண்டும் சேர்க்கறேன். பழசுல மேல ராஜா கிரீடம் இருக்கும். நாடு குடியரசு ஆனதும் கிரீடத்தை எடுத்துட்டு சிங்கத் தலை வெச்சாங்க. ஒரு பேட்ஜைக் கையில கொடுத்தா எந்தக் காலத்துது, அச்சுல அடிச்சதா, வார்ப்பா, எல்லாம் சொல்லிடுவேன். மாடி ரூம்ல கறுப்பு வெல்வெட் ஒட்டின பலகைங்க மாட்டி வெச்சிருக்கேன். என் சம்சாரம் கிரிஜா அந்த ரூம் பக்கமே வர மாட்டா. செத்தவங்க தலையில இருந்து எடுத்தது, வீட்டுக்கு ஆகாதுன்னுவா. அவளுக்கு என்ன தெரியும்.

எங்க வட்டத்துல ஒரு பழக்கம் இருக்குது, அதைச் சொன்னாத்தான் இந்தக் கதை உங்களுக்கு விளங்கும். ஒரு சரக்கைப் பார்த்ததும் மனசு துள்ளிச்சுன்னா, வாய் 'இது காப்பி'ன்னு சொல்லணும். பெங்களூர்ல கார்ல வந்து இறங்கற பெரிய ஆளுங்ககூட அப்படித்தான். பிடிச்ச சாமானைப் பிடிச்சிருக்குன்னு எவனும் சொல்ல மாட்டான். கையில எடுப்பான், திருப்பிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், ஒரிஜினல் மாதிரி தெரியலியேன்னு கீழ வெப்பான். அப்பத்தான் வெச்சிருக்கறவன் இறங்கி வருவான். இத்தனை வருஷம் செஞ்சு செஞ்சு எனக்கு அது கொட்டாவி மாதிரி ஆயிடுச்சு. யோசிச்சு வர்றதில்ல, தானா வந்துடும். இதுல தப்பு எங்க இருக்குது? சந்தையில மாடு வாங்கறவன் மாட்டைப் புகழ்ந்தா வாங்குவான்?

இந்துமதி ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை பார்த்தா. அங்கேயே தியாகுன்னு ஒரு பையன், அடிபட்டவங்களைக் கையைக் காலை அசைக்க வெச்சுப் பயிற்சி கொடுக்கறவன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கினு வந்து சொன்னாங்க. நல்ல பையன், நம்ம ஜனந்தான், நான் குறுக்க நிக்கல. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். நான், கிரிஜா, என் மச்சான். இந்துவும் கூட வந்தா. அந்தக் காலத்துல பொண்ணு வர மாட்டா, இப்ப யாரு அதெல்லாம் பாக்கறாங்க.

வேப்பனேரி பட்டாள ஊர் சார். வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரி. ஜெயவேலு மட்டும் ஸ்கூல் வாத்தியாரு, ரிட்டயர்டு. அவங்கம்மா அவரைப் பட்டாளத்துக்கு விடல. ஏன்னு அவரே சொன்னாரு. அவங்கப்பா ஏகாம்பரம் பர்மா சண்டைக்குப் போனவராம். போறப்ப இவரு வயித்துல. போனவரு திரும்பல. உடம்பும் வரல, சாம்பலும் வரல. கூடப் போன ஊர்க்காரரு ஒருத்தர் சண்டை முடிஞ்சு வந்து, ஏகாம்பரத்தோட தொப்பியில இருந்த பேட்ஜை மடியில முடிஞ்சு கொண்டாந்து அந்தம்மா கையில கொடுத்தாராம். வந்தது அவ்வளவுதான். அந்தம்மா அதைச் சாமி மாடத்துல வெச்சு, தினம் காலையில விபூதி தொட்டுக் கட்டை விரலால துடைச்சிக்கினு இருந்தாங்க. அவங்களுக்கப்புறம் இவரு துடைச்சாரு. அத்தனை வருஷமும் அதுமேல பட்டது ரெண்டே கட்டை விரல்தான்.

அப்பவே என்னை சம்பந்தின்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு. பேட்ஜை மாடத்துல இருந்து எடுத்துக்கினு வந்து என் எதிர்ல உக்காந்து சொன்னாரு. "எங்கப்பனை நான் பார்த்ததில்ல சம்பந்தி. என்னைப் பொதைக்கறப்ப இதை என் நெஞ்சுமேல வெச்சு மூடிடுங்கன்னு தியாகுகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அப்பனும் புள்ளையும் ஒரே குழியில கெடப்போம்." சொல்லிட்டு என் கையில வெச்சாரு.

சார், பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. சண்டைக்குன்னு அவசரமா சேர்த்து, சண்டை முடிஞ்சதும் கலைச்சுட்ட பட்டாளம் அது. பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. நடுவுல பனைமரம், சுத்தி எழுத்து, மேல கிரீடம். புத்தகத்துல படமாப் பார்த்திருக்கோமே தவிர, நேர்ல பார்த்தவன் எங்க வட்டத்துல ஒருத்தன் கிடையாது. பின்பக்கம் தொப்பியில மாட்டறதுக்கு ரெண்டு வளையம் இருக்கும், காதுன்னுவோம். ஒரு காது ஒடிஞ்சு அந்த இடத்துல செப்புக் கம்பி கட்டியிருந்தது. கிரீடத்தோட உச்சி தேஞ்சு வழவழன்னு இருந்தது. இவ்வளவு வருஷம் தேடின சாமான் என் கையில இருக்குது. மனசு துள்ளிடுச்சு. துள்ளினதும் வாய் சொல்லிடுச்சு. இது காப்பி மாதிரி இருக்குதேன்னு.

பழக்கம் சார். வேற ஒண்ணும் இல்ல.

தியாகுவோட அத்தைக்காரி பழத்தட்டைத் தூக்கிக்கினு வந்தவ, அப்படியே திரும்பி உள்ள போய்ட்டா. என் மச்சான் என் தொடையைக் கிள்றான். ஜெயவேலு கோபப்பட்டிருந்தாக்கூட நான் சமாளிச்சிருப்பேன். அவரு பேட்ஜைப் பார்த்துக்கினு, என்கிட்ட கேக்கற மாதிரி இல்லாம, "அப்ப எங்கம்மா எதைக் கும்பிட்டாங்க?"ன்னாரு. இந்து என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. தியாகு அவளைப் பார்க்கறான். கல்யாணம் அப்படியே அந்தரத்துல தொங்குது.

நீங்க கேப்பீங்க, உடனே தப்பா சொல்லிட்டேன்னு சொல்லியிருக்கலாமேன்னு. எப்படி சார் சொல்றது? விலைக்குப் பேசற புத்தியில சொல்லிட்டேன்னு ஆயிடும். சம்பந்தம் பேச வந்த எடத்துல அது அசிங்கம் இல்லியா? மானம் போயிடும். அதனால கெட்டிக்காரத்தனமா ஒண்ணு சொன்னேன். கொடுங்க, லேப்ல வெச்சு டெஸ்ட் பண்ணிட்டுச் சரியாச் சொல்றேன்னேன். அது அந்த வீட்டை விட்டு எப்பவுமே வெளிய போனதில்லையாம். இருந்தாலும் எழுந்து உள்ள போனாரு. அப்புறம் ஒரு வெள்ளைத் துணியில சுத்தி எடுத்தாந்து கொடுத்தாரு. வெளி ஆளுக்கா கொடுக்கறேன், இந்தப் பொண்ணோட அப்பனுக்குத்தானே கொடுக்கறேன்னாரு.

இருங்க, போன் அடிக்குது. இந்துதான். அடிக்கட்டும். எடுத்து என்ன சொல்றது, வண்டியை நானா ஓட்டறேன்? முன்னாடி கரும்பு டிராக்டர் போவுது, ஓவர்டேக் எடுக்க மாட்டேங்கறான் இந்த டிரைவர்.

எங்க விட்டேன்? ஆங். வீட்டுக்கு வந்து லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். ஒரிஜினல்னா ஒரிஜினல், அப்படி ஒரு ஒரிஜினல். ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. இதைப் போய் மண்ணுல பொதைக்கப் போறாரே சார். உலகத்துல எத்தனை மிச்சம் இருக்குதோ தெரியல, அதுல ஒண்ணைக் குழியில போட்டு மூடறதுன்னா, யாராவது தடுக்க வேணாமா? அரிச்சுப் போயிடும். நான் எனக்காக நினைக்கல. அந்த ஏகாம்பரம் பேரு நிக்கணும்னா அது வெல்வெட்டுல இருக்கணும், மண்ணுல இல்ல. மண்ணுக்குப் போறது காப்பியா இருந்தா மண்ணுக்கு என்ன தெரியப்போவுது? யாருக்கு நஷ்டம்? நீங்களே சொல்லுங்க.

தொழில் தெரிஞ்சவன்கிட்ட வந்த சாமான் சார் அது. ரப்பர்ல அச்சு எடுத்தேன். மெழுகு ஊத்தி, தேய்மானம், கீறல், ஒடிஞ்ச காது, எல்லாம் அப்படியே இறங்க வெச்சேன். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனாலதான் வார்ப்பு எப்பவும் அசலைவிட ஒரு இழை சின்னதாப் போயிடும், கத்துக்குட்டிங்க அதுலதான் மாட்டுவாங்க. பல்லு செட் கட்டுறவனுக்கு அந்தச் சுருக்கம் தண்ணி பட்ட பாடு. அதுக்கு ஈடு கொடுத்துதான் ஊத்தினேன். பல்லுன்னாலும் நாங்க எப்பவும் ரெண்டா ஊத்துவோம். ஒண்ணுல குமிழி விழுந்தா இன்னொண்ணு கைக்கு இருக்கும். இதுவும் ரெண்டு ஊத்தினேன். ரெண்டும் நல்லா வந்துடுச்சு. ஒண்ணை எடுத்து விபூதி தேய்ச்சு, விளக்கெண்ணெய்ப் புகையில காட்டி, செப்புக் கம்பி கட்டி, அதே வெள்ளைத் துணியில சுத்தினேன். கிரிஜா வந்து பார்த்துட்டு, சாமானைக் கொடுத்துடப் போறீங்களான்னா. ஆமான்னேன். அவளுக்கே வித்தியாசம் தெரியல.

வேப்பனேரியில நடந்த நிச்சயதார்த்தத்து அன்னைக்கு எல்லார் எதிர்லயும் எழுந்து நின்னு சொன்னேன். அன்னைக்கு வெளிச்சம் பத்தல, தப்பாச் சொல்லிட்டேன், டெஸ்ட் பண்ணிட்டேன், நூத்துக்கு நூறு ஒரிஜினல், உங்கப்பா பேட்ஜேதான்னேன். எல்லார் மூஞ்சியும் மலர்ந்துடுச்சு. தியாகுவோட அத்தை என்னைக் கும்பிட்டுட்டாங்க. ஜெயவேலு துணியைப் பிரிச்சாரு. கண்ணு அவருக்குச் சரியாத் தெரியாது. பார்க்கக்கூட இல்ல, கட்டை விரலைக் கிரீடத்துமேல வெச்சாரு.

ஆமாம் சார், வெச்சாரு. வெச்சு, எடுக்கல. நான் அந்த விரலையே பார்த்துக்கினு உக்காந்திருக்கேன். அப்புறம் என்னைப் பார்த்தாரு. அந்த நேரம் பார்த்து இந்து காபி டம்ளருங்களைத் தட்டுல வெச்சு எடுத்துக்கினு வர்றா. அவளைப் பார்த்தாரு. திரும்ப என்னைப் பார்த்து, "பரவால்ல சம்பந்தி. நம்ம பொண்ணு நல்லா இருக்கட்டும்"னுட்டு எழுந்து போய் மாடத்துல வெச்சாரு.

ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ஏன் நினைக்கக் கூடாது? அவருக்குத் தெரிஞ்சிருந்தா அங்கயே கேட்டிருப்பாரு இல்ல? சும்மா விடுவாங்களா?

கல்யாணத்தை ஒரு குறை சொல்ல முடியாத மாதிரி செஞ்சேன். ஆனா பொண்ணு மாறிட்டா சார். முதல்ல மாசம் ஒரு தடவை வந்தா. அப்புறம் பொங்கலுக்கு, தீபாவளிக்கு. அப்புறம் கிரிஜாவை அங்க வரச் சொல்லிட்டு இங்க வர்றதை நிறுத்திட்டா. சின்னதுல இருந்து 'நீ வாப்பா, நீ போப்பா'ன்னு கூப்பிட்ட பொண்ணு, 'வாங்க, உக்காருங்க'ன்னு ஆரம்பிச்சா. கட்டிக்கொடுத்த பொண்ணுங்க மரியாதை கத்துக்குவாங்க, அதுதான்னு நினைச்சேன். மாடி ரூமைப் பார்க்கவே மாட்டா. ஒரு தடவை பேரனைத் தூக்கிக்கினு நான் மாடிக்குப் போனா, ஓடி வந்து புள்ளையைப் புடுங்கிக்கினு போனா. சொந்தப் பேரன் சார். நான் என்ன பூதமா?

ஜெயவேலுவைச் சொல்லணும். எப்பப் போனாலும் கறிக்குழம்பு, எப்பப் போனாலும் கூடவே பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவாரு. வண்டி வர்ற நேரத்துல ஒண்ணு கேப்பாரு. "அப்புறம் சம்பந்தி, வேற ஒண்ணும் இல்லியே?" எனக்கு என்ன இருக்குது, ஒண்ணும் இல்லன்னுட்டு ஏறிடுவேன். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. வயசானா கேட்டதையே கேப்பாங்க. மாடத்துல அந்த பேட்ஜ் மங்கிப்போய்க் கிடந்தது. நான் ஊத்தினப்ப தங்கமா ஜொலிச்சது. என்ன சம்பந்தி, தினம் துடைப்பீங்களேன்னேன். கை நடுங்குதுன்னாரு. விபூதி மட்டும் நெத்தி நிறைய பூசியிருந்தாரு, அதுக்குக் கை நடுங்கல போலிருக்கு.

இன்னைக்கு விடிஞ்சும் விடியாததுமா போன். இந்துதான். அழல. "மாமா போய்ட்டாரு. வரும்போது அதை எடுத்துக்கினு வாங்க"ன்னா. வெச்சிட்டா. எதை? எதை எடுத்துக்கினு வரணும்? எனக்கு எப்படித் தெரியும்? மாலையாச் சொல்றாளா, கோடித் துணியாச் சொல்றாளான்னு ரெண்டையும் வாங்கிக்கினு போனேன்.

மாலையைப் போட்டுட்டு உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல இந்து வந்து, இங்க வாங்கன்னு கூப்பிட்டா. பின்பக்கம் தண்ணித்தொட்டிகிட்ட யாரும் இல்ல. அதே வெள்ளைத் துணி. பிரிச்சு என் கையில வெச்சா. "இது உங்களுது. எடுத்துக்குங்க. அவரோடதைக் கொடுங்க."

என்னம்மா உளர்றேன்னேன். அவ குரலை ஏத்தல சார், ஏத்தியிருந்தா நானும் ஏத்தியிருப்பேன். கல்யாணம் ஆன மூணாம் நாளே எனக்குத் தெரியும்னா. அவரு பேட்ஜைத் துடைக்காம வெறுமனே பார்த்துக்கினு நின்னாராம். இவ ஏன் மாமான்னு கேட்டாளாம். அவரு சொன்னதை அப்படியே சொன்னா. "உங்கப்பா ஆசைப்பட்டுட்டாரும்மா. நான் போறதுக்குள்ள கொடுத்துடுவாரு. நீ கேக்காதே. தியாகுகிட்டயும் சொல்லாதே, பெத்தவங்களைப் பத்திப் புருஷன்கிட்ட சொன்னா வீட்டுல உன் பேச்சு எடுபடாது."

கேட்டிருந்தா கொடுத்திருப்பேன் சார். சத்தியமா கொடுத்திருப்பேன். ஒரு வார்த்தை கேக்கல. ஆறு வருஷமா பஸ் ஸ்டாப்புல வந்து நின்னு, வேற ஒண்ணும் இல்லியேன்னு கேட்டாரே தவிர, அதைக் கொடுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அப்படி ஒரு மனுஷன்கிட்ட நாம என்ன பண்றது? எனக்குக் கோபம் கோபமா வருது. திட்டியிருக்கலாம், என் சட்டையைப் பிடிச்சிருக்கலாம். கறிக்குழம்பு ஊத்தினாரு.

அப்புறம் இவ வாசலுக்குப் போய், தாத்தாவோட பேட்ஜை அப்பா பாலிஷ் போட எடுத்துக்கினு போனாரு, வீட்டுல இருக்குது, போய்க் கொண்டாந்துடுவாருன்னு ஊருக்கே சொல்லிட்டா. எனக்காகப் பொய் சொல்றா, சொல்லிட்டு என்னையே முறைக்கிறா. தியாகு பைக்ல கூட்டிக்கினு போறேன் மாமான்னான். இவ தடுத்துட்டா. நீங்க முதல் மண்ணு போடறவரு, எங்கேயும் நகரக் கூடாது, அப்பாவே போய் அப்பாவே கொண்டாரட்டும்னா. அத்தனை ஜனமும் என்னைப் பார்க்குது. ஒரு பெரியவரு, அவரும் பட்டாளத்துக்காரருதான், "ஐயா, அது வராம ஜெயவேலுவை எடுக்க மாட்டோம், பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க"ன்னாரு. பொழுது சாய்ஞ்சா எடுக்க மாட்டாங்க. நாளைக்குன்னு ஆயிடும்.

இதான் சார் அது. பாருங்க, தொட்டுப் பாருங்க. எப்படி வேலைன்னு. மேல மங்கியிருக்குது, அது துடைக்காததனால. புளி போட்டுத் தேய்ச்சா வந்துடும். கிரீடத்தைப் பாருங்க. இதைக் காப்பின்னு யாராவது சொல்ல முடியுமா? ஏன் கையை இழுத்துக்கிறீங்க, கடிக்காது.

என்ன கேட்டீங்க? அசல் வீட்டுலதானே இருக்குதுன்னா?

இல்ல சார்.

அது கூர்க்ல ஒரு எஸ்டேட்காரருகிட்ட போச்சு. வித்துட்டேன்னு நினைக்காதீங்க. மாத்திக்கிட்டது. எங்க வட்டத்துல அப்படித்தான், சாமானுக்குச் சாமான். அவருகிட்ட பழைய ஒட்டகப் படை பேட்ஜ் ஒண்ணு இருந்தது. என் பலகையில ஒரு வரிசை முழுக்க நிரம்பி, அந்த ஒரு எடம் மட்டும் ஓட்டையா இருந்தது. ராத்திரி படுத்தா அந்த ஓட்டைதான் கண்ணு முன்னாடி நிக்கும். பனைமரம் கைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. தினம் பார்த்த சாமான் ஆயிடுச்சு. கேட்டாரு, கொடுத்தேன். பிடிக்காத மாதிரி உதட்டைப் பிதுக்கித்தான் வாங்கினாரு அவரும், காப்பி மாதிரி இருக்குதேன்னு. இன்னைக்கு விடியக்காலம் இந்து போனை வெச்சதும் அவருக்குத்தான் அடிச்சேன். அவரு மகன் எடுத்தான். அப்பா போன வருஷமே காலமாயிட்டாரு, கலெக்‌ஷன் எல்லாம் லண்டன்ல ஏலத்துக்குப் போய்ட்டுதுன்னான்.

ஆமாம், மாலையும் கோடியும்னுதான் நினைச்சேன்னு சொன்னேன். ஒரு சந்தேகத்துக்கு அடிச்சுப் பார்த்தேன். பார்க்கக் கூடாதா?

அப்ப எதுக்குக் குடியாத்தம் போறேன்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க. ரெண்டு ஊத்தினேன்னு சொன்னேன் இல்ல. இன்னொண்ணு லேப் டிராயர்ல இருக்குது. அதுதான் இதைவிட நல்லா வந்தது. தேய்மானம் அதுல இன்னும் சுத்தமா விழுந்திருக்கும், கம்பி கட்டின எடம்கூடக் கச்சிதம். போனதும் விபூதி போட்டு ஒரு தேய்ப்பு, எண்ணெய் ஒரு தடவல், உடனே திரும்பற வண்டியைப் பிடிச்சுட்டா பொழுதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். இதுல என்ன சார் இருக்குது? இந்துவுக்கு அசலைத் தெரியாது, அவ அசலைத் தொட்டதே இல்ல. தியாகு தொட்டதில்ல. அந்த ஊர்ல அதைத் தெரிஞ்சிருந்தது ஒரே ஒரு கட்டை விரலு. அது இப்ப ஐஸ் பெட்டியில கெடக்குது.

அந்தப் பொண்ணுக்கு நிம்மதி, ஊருக்கு நிம்மதி. அவரும் ஏதோ ஒண்ணை நெஞ்சுல வெச்சிக்கினு போவாரு.

இருங்க. திரும்ப அடிக்கறா. எடுக்காம விட்டா சந்தேகப்படுவா. ஒரு நிமிஷம் சார்.

அலோ. ஆங், இந்து. ஆமாம்மா. வீட்டுக்கு வந்துட்டேன். வந்து எடுத்துட்டேன். ஆமாம், கையில வெச்சிருக்கேன். அதேதான்மா, தாத்தாவோடதுதான், நான் பொய் சொல்லுவேனா? அழாதே. ஏன் அழறே, அதான் எடுத்துட்டேன்னு சொல்றேனே. என்னது? சரிப்பான்னா கூப்பிட்டே? சரி, சரிம்மா. எல்லாரையும் இருக்கச் சொல்லு. அப்பா வந்துக்கினே இருக்கேன்.

அப்பான்னு கூப்பிட்டா சார். சரிப்பா, நீ பார்த்து வாப்பான்னா. எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, அவ வாயில இருந்து அதைக் கேட்டு. நீ வாப்பான்னா.

என்ன சார், எந்திரிக்கிறீங்க? உங்களுக்கும் குடியாத்தம்னுதானே சொன்னீங்க. இங்க இறங்கறதுக்கு ஒரு வீடுகூட இல்லியே, வெறும் கரும்புக் காடு. நின்னுக்கினேவா வரப்போறீங்க? இத்தனை கூட்டத்துல யாராவது சீட்டை விடுவாங்களா? உக்காருங்க சார், பை வேற உங்களுது என் மடியில இருக்குது. தீட்டுன்னு நினைக்கிறீங்களா? அதை நான் முதல்லயே சொன்னேனே. அப்ப ஒண்ணும் சொல்லாமத்தானே பக்கத்துல உக்காந்துக்கினு வந்தீங்க.